டாலர் ஏறினால் கணினி விலை ஏறுவது ஏன்?

நெய்வேலி மின்சாரத்துக்கு வேண்டிய பழுப்பு நிலக்கரி நம் காலடியிலேயே கிடைக்கிறது. அந்த மின்சாரத்தில் ஓடும் பள்ளிக் கணினியின் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்டதானாலும் அதன் செயலி, நினைவகம் போன்றவை பெரும்பாலும் இறக்குமதி, விலை டாலரில்.

2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 54 ரூபாய். ஆகஸ்ட் 28 அன்று அது 68 ரூபாயைத் தாண்டியது. 100 டாலர் செயலியின் விலை டாலரில் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில் மட்டும் 5,400 என்பது 6,800 ஆகிவிடும். ஏறக்குறைய 26 சதவீத உயர்வு. (வகுப்பில் சதவீதக் கணக்குக்கும் உதவும்.)

டாலர் இறங்கியதும் கடையில் விலை உடனே இறங்காது. கூடுதல் விலைக்கு வாங்கிய சரக்கு தீர வேண்டுமே! ஆகவே, ஆய்வகத்துக்கு விலைப்புள்ளி வாங்கும்போது அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதை முதலில் பாருங்கள். ஒதுக்கிய தொகை கூடாது; 10 கணினி 9 ஆகிவிட்டால், சில பிள்ளைகள் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்றுதான் எட்டிப் பார்க்க வேண்டும்.