அந்தரத்தில் சுழலும் அச்சும் அம்பத்தூர் வெக்கையும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் உருப்பெற்ற காலத்தில், கொட்டகைக் கூரையின் கீழே லேத்து யந்திரத்தின் முன் வியர்வை வழிய நின்ற தொழிலாளிக்கு மின்விசிறியே பெரும் ஆறுதல். பட்டறைகள் இருந்த மனைகள் பலவற்றில் இன்று கண்ணாடிச் சுவர் போர்த்த ஐ.டி. கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. திறக்க வழியில்லாத ஜன்னல்களுக்கு உள்ளே இரவு ஷிப்டிலும் வேலை நடக்கிறது. அங்கே குளிர் தரும் யந்திரங்களே மின்கட்டணத்தில் பிரதானமான பங்கை விழுங்குகின்றன. ஆகவே, எண்ணெயே வேண்டாத, காந்த சக்தியால் அச்சைத் தாங்கும் சில்லர் ஒன்று வந்திருக்கிறது, அது கட்டணத்தைப் பெரிதும் குறைக்கும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, கட்டட உரிமையாளர் ஆவலோடு செவிசாய்ப்பது இயல்பே.

பெருங்கட்டடங்களில் சில்லர் என்பது தண்ணீரைச் சுமார் 7 டிகிரி வரை குளிர்வித்து மாடிதோறும் அனுப்பும் யந்திரம். அறைகளின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் தண்ணீரிலிருந்து அந்த உஷ்ணத்தைப் பிரித்து, மொட்டைமாடியிலுள்ள கூலிங் டவர் வழியே வெளியேற்றும் பாரம் பெரும்பாலும் கம்ப்ரஸரின் மேல் விழுகிறது. வழக்கமான கம்ப்ரஸரில், வேகமாகச் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் தேயாமல் இருக்க எண்ணெய் வேண்டும்; எண்ணெய் வேண்டுமானால் அதற்குப் பம்பு, வடிகட்டி, ஹீட்டர் என்று ஒரு பரிவாரமே வேண்டும்; அதோடு நில்லாமல், அந்த எண்ணெயில் ஒரு பகுதி குளிர்பதன வாயுவோடு கலந்தோடி, உள்ளே குழாய்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உஷ்ணம் கடக்கும் வழியை நாளடைவில் தடுத்துவிடுகிறது.

புதிய யந்திரத்தின் விசேஷம், இந்தப் பரிவாரம் முழுவதையும் விலக்கியதே. சுழலும்போது அதன் அச்சு எதன்மேலும் அமர்ந்திருப்பதில்லை. சுற்றிலும் அமைந்த மின்காந்தங்கள் அதை அந்தரத்தில் ஏந்தி நிற்க, அச்சு அணுவளவு விலகினாலும் சென்சார்கள் அதைக் கண்டறிந்து, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை காந்த விசையைத் திருத்திக்கொண்டே இருக்க, சிறிய வகைகளில் நிமிஷத்துக்கு 40,000 சுற்றுக்கும் மேலே அது சுழலுகிறது. மின்சாரம் திடீரென்று போனால் அச்சு விழுந்து உடையாதா என்று கேட்கலாம். அந்தக் கணமே, சுழற்சியின் எஞ்சிய வேகத்தைக் கொண்டு மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் காந்தங்களுக்கு மின்சாரம் ஊட்டுகிறது. வேகம் அடங்கிய பிறகே அச்சு மெல்ல இறங்கி, அதற்கென்றே வைத்த பேரிங்குகளில் அமர்கிறது. 1993-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டர்போகோர் நிறுவனம் இவ்வகைக் கம்ப்ரஸரை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் 2004-இல் அதில் பங்கு சேர்ந்தது. இன்று வேறு நிறுவனங்களும் தத்தம் முறையில் இதைச் செய்கின்றன.

இவ்வளவும் மெய். ஆயினும், கேட்டலாக்கில் சிக்கனத்துக்குச் சான்றாகக் காட்டும் ஒற்றை எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். குறைந்த பாரத்தில் யந்திரம் எவ்வளவு சிக்கனமாக ஓடும் என்பதைக் காட்டும் ஐ.பி.எல்.வி. என்ற அந்த அளவை, ஏ.எச்.ஆர்.ஐ. என்ற அமெரிக்கச் சங்கம் வகுத்த விதிப்படி கணக்கிடப்படுவது. முழுப் பாரத்துக்கு அதில் 1 சதவீத மதிப்பே உண்டு. முக்கால் பாரத்துக்கு 42, அரைப் பாரத்துக்கு 45, கால் பாரத்துக்கு 12. அரைப் பாரத்தில் ஓடும்போது கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீர் 18.3 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் என்று அந்த விதி கொள்கிறது. சென்னையிலோ கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் விலகுவதில்லை. ஈரக் காற்றில் நீர் ஆவியாகத் தயங்குவதால், மார்கழி விடியற்காலையிலும் டவர் தண்ணீர் அந்த அளவுக்கு இறங்குவது நடவாத காரியம். ஆண்டின் பெரும்பகுதி அது 28, 30 டிகிரியைச் சுற்றியே நிற்கும். இப்படி வெளியே உஷ்ணம் உயர்ந்து நிற்கையில், வாயுவை அதே உயர்ந்த அழுத்தத்துக்குத் தள்ளியாக வேண்டியிருப்பதால், அச்சின் வேகத்தை வேண்டிய மட்டும் குறைக்க இயலாது. வேகம் குறையாதபோது மிச்சமும் குறைகிறது.

நம் நாட்டுச் சூழலுக்கென்று ஐ.எஸ். 16590 என்ற தரம் இருக்கிறது; 2018-இல் எரிசக்தித் திறன் அமைவனமான பி.இ.இ. சில்லர்களுக்கு நட்சத்திரக் குறியீட்டையும் தொடங்கியது. ஒப்பிடுவதானால் அந்த அடிப்படையில்தான் ஒப்பிடவேண்டும். பழைய, ஒரே வேகத்தில் ஓடும் யந்திரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் அழகாகவே தெரியும். வேகம் மாற்றும் வி.எஃப்.டி. பொருத்திய, எண்ணெய் பேரிங் உள்ள நல்ல சில்லரோடு வைத்துப் பார்த்தால்தான் காந்தம் மட்டும் தருவது எவ்வளவு என்பது புலப்படும். சராசரி 300 டன் (டன் என்பது இங்கே குளிர்விக்கும் திறனின் அலகு) பாரம், ஆண்டுக்கு 3,000 மணி நேரம், டன்னுக்கு 0.1 கிலோவாட் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 90,000 யூனிட்; யூனிட் 8 ரூபாய் என்றால் 7,20,000 ரூபாய். விலை வித்தியாசத்தை இதனால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது வெளிப்படும்.

எண்ணெய் மாற்றும் செலவு இல்லாமற்போனாலும், எலெக்ட்ரானிக் போர்டு ஒன்று பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கால் ஆவது ஒன்றுமில்லை. கம்பெனி ஆளும் ஸ்பேரும் வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும். தண்ணீர்ச் செலவைப் பொறுத்தமட்டில் காந்தத்தால் குறிப்பிடத்தக்க பயனில்லை. டன்னுக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் கூலிங் டவரில் ஆவியாகிறது. 300 டன் பாரம் 10 மணி நேரம் ஓடினால் 18,000 லிட்டர். 2019-இல் சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை இலேசாக எண்ணமாட்டார்கள். கூலிங் டவருக்குச் சுத்திகரித்த கழிவுநீரை ஏற்பாடு செய்யாமல் எந்தச் சில்லரை வாங்குவதும் பாதி வேலையே.

நாள் முழுவதும் பாதிப் பாரத்தில் நீண்ட நேரம் ஓடும் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் இந்த யந்திரம் தகும். எப்போதும் முழுப் பாரத்தில் ஓடும் தொழிற்சாலைக்கு அதன் கூடுதல் விலையை நியாயப்படுத்துவது கடினம். கொட்டேஷன் கேட்கும்போது, 100, 75, 50, 25 சதவீத பாரங்களில், டவர் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கையில் டன்னுக்கு எத்தனை கிலோவாட் ஆகும் என்பதையும், போர்டு பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள்.