சிறு துவக்கும் அதன் கண்ணும்

துரோணாசாரியார் தம் மாணாக்கரை ஒரு மரத்தின் முன் நிறுத்தி, கிளையில் இருந்த பறவையைக் காட்டி, என்ன காண்கிறீர் என்று வினவிய கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். மற்றவர்கள் மரத்தையும் கிளையையும் இலையையும் கண்டார்கள். அருச்சுனனோ பறவையின் தலை ஒன்றையே கண்டான். வில்வித்தைக்கு அது முழுப் பாடமாயிருக்கலாம். துவக்கு வித்தைக்கு அது பாதிப் பாடமே. மற்றப் பாதி யாதென்பதை இக்கட்டுரையின் முடிவிற் கூறுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்புற மாநிலங்களிலே 'வுட்சக்' என்றொரு பிராணி உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் 2 முதல் 6 கிலோ வரை நிறையுள்ளது. பென்சில்வேனியாவிலுள்ள பங்ஸுடோனி என்னும் ஊரார், 1887ஆம் ஆண்டு தொடங்கி, பெப்ரவரி 2ஆந் தேதி இப்பிராணியை வெளியே கொணர்ந்து, அது தன் நிழலைக் கண்டால் குளிர்காலம் இன்னும் 6 வாரம் நீடிக்கும் என்று விழாவெடுத்து வருகின்றனர். ஊரார் கொண்டாடும் பிராணியைக் கமக்காரர் சபிக்கின்றனர். அவரைப் பயிரையும் கீரைப் பாத்தியையும் தீவனப் புல்லையும் அது தின்றழிக்கின்றது. அது தோண்டும் வளைகளிலே குதிரையின் காலும் உழவு இயந்திரத்தின் சக்கரமும் இறங்கிவிடுகின்றன. ஆதலாற்றான் அந்நாட்டுக் கமக்காரர் பலர் இலேசான சிறு றைபிள் துவக்கொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கின்றனர்.

இத்துவக்குகளின் குழல் விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் நூற்றில் 22 பங்கு. ஆயினும் எல்லாம் ஒன்றல்ல. '.22 லோங் றைபிள்' என்னும் சிறு தோட்டாவின் சன்னம் இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்டது. செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகத்திற் செல்வது. 50 யாரிற் குறி பொருத்தினால், 100 யாரில் அது சுமார் 6 அங்குலம் தாழ்ந்துவிடும். 1930இல் விற்பனைக்கு வந்த '.22 ஹோர்னெற்' 150 யார் வரையிலும், 1950இல் வந்த '.222 றெமிங்ரன்' 200 யாருக்கு அப்பாலும் பயன் தருவன. துவக்கு எவ்வளவு தூரம் சுடும் என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே அதற்கு எத்தகைய கண் வேண்டும் என்று தீர்மானித்தல் முறை.

துவக்குடன் பொருந்தி வரும் சாதாரணக் குறிகாட்டி இரு பகுதியானது: பின்னே ஒரு பிளவு, முன்னே ஒரு மணி. பிளவு, மணி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. இளைஞரின் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறிச் சமாளித்துக்கொள்ளும்; நாற்பதைத் தாண்டியவரின் கண் சமாளியாது. மேலும், கண்ணிலிருந்து 32 அங்குலத்தில் உள்ள மணியின் அகலம் ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு என்று கொள்வோம். கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர் அது 100 யாரில் 7 அங்குலத்தை மறைப்பதைக் காண்பர். நிமிர்ந்திருக்கும் வுட்சக்கின் உடலகலம் ஒரு சாணுக்கும் குறைவு. மணி இலக்கையே விழுங்கிவிட்டால் எதைக் குறிபார்ப்பது?

அடுத்தது துளைக் குறிகாட்டி. கண்ணுக்கு அண்மையில் சிறு துளையுள்ள வட்டமொன்றை அமைத்து, அதனூடாக முன் மணியைப் பார்ப்பது. துளையின் நடுவைக் கண் தானாகவே நாடுவதால் மூன்று பொருள்களைப் பொருத்தும் தொல்லை இரண்டாகக் குறைகிறது. நிறை சில அவுன்ஸ், விலையும் மலிவு, மழைக்கும் அஞ்சாது. தோட்டத்து மூலையில் 50 யாருக்குள் சுடுபவருக்கு இதனினும் மேலானது தேவையில்லை என்பது எம் கருத்து.

அதற்கு அப்பால் தூரதிருஷ்டிக் கண்ணாடியே துணை. 1855ஆம் ஆண்டளவிலேயே நியூயோர்க் மாநிலத்துச் சிறக்கியூஸ் நகரில் வில்லியம் மல்கம் என்பவர் துவக்குக்கான தூரதிருஷ்டிகளைச் செய்தார். 1930இல் டபிள்யூ. ஆர். வீவர் மலிவான கண்ணாடியொன்றை வெளியிட்ட பின்னரே அது சாதாரண மக்களின் கைக்கு எட்டலாயிற்று. இதன் சிறப்பு, குறுக்கிழையும் இலக்கும் ஒரே தளத்தில் தோன்றுவது. கண் ஒன்றையே பார்த்தாற் போதும்.

இங்கேதான் வாங்குவோர் பலர் வழுக்கி விழுகின்றனர். பெருக்கம் கூடக்கூட நன்மையும் கூடும் என்று எண்ணி, 12 மடங்கு, 16 மடங்கு என்று கேட்கின்றனர். பெருக்கம் இலக்கை மட்டுமா பெருக்குகிறது? கைநடுக்கத்தையும் வெயிலில் எழும் கானலையும் உடன் பெருக்குகிறது. முன் வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீற்றர் வில்லை 4 மடங்கில் 8 மில்லிமீற்றர் ஒளி தரும். 10 மடங்கில் 3 மில்லிமீற்றரே தரும். அந்தி மயக்கத்தில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீற்றர் விரியுமாதலால், அவ்வேளையில் சிறு பெருக்கமே தெளிவு தரும். 6 மடங்குக் கண்ணாடி 150 யாரிலுள்ள பிராணியை 25 யாரிலுள்ளது போற் காட்டும். ஹோர்னெற் துவக்குக்கு அதுவே போதும்; .222க்கு 8 அல்லது 10 மடங்கு தகும்.

நிறையையும் மறத்தலாகாது. ஐந்தரை இறாத்தற் துவக்கின் மேல் ஒன்றரை இறாத்தற் கண்ணாடியை ஏற்றினால், அதை இலேசான துவக்கென்று வாங்கியதன் பயன் யாது? சுமக்கும் தோள் நோவதுடன், தலை கனத்த துவக்கு கையிற் சாயவும் செய்யும். முக்கால் இறாத்தலுக்குள் அடங்கும் கண்ணாடியை, குழலுக்கு இயன்றவரை நெருக்கமாகப் பொருத்துதலே நன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிமிட முள் ஒரு கோடு தள்ளிக் காட்டுமன்றோ? கண் நடுவை விட்டு விலகினால் குறுக்கிழையும் அவ்வாறே இலக்கின்மீது நகர்ந்து காட்டும். இவ்வழு ஒரு குறித்த தூரத்தில் மட்டுமே இல்லாதொழியும். சிறு தோட்டாத் துவக்குக்கெனச் செய்த கண்ணாடிகளில் அத்தூரம் பெரும்பாலும் 50 யாரளவில் அமைந்திருக்கும். பெருந் துவக்குக் கண்ணாடிகளில் 100 யார் அல்லது அதற்கு மேல். ஆகவே துவக்கின் தூரத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குக.

வாங்கியதும் வேட்டைக்கு ஓடுதல் கூடாது. அசையாத தாங்கியில் துவக்கை வைத்துக் கடதாசி இலக்கில் மூன்று மூன்று வெடியாக வைத்துத் திருத்த வேண்டும். திருகாணியின் ஒரு 'கிளிக்' பொதுவாக 100 யாரில் கால் அங்குலம் நகர்த்தும். இந்தப் பொறுமை சன்னத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டுமன்று. குறி தவறிய சன்னம் பல வேளை பிராணியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட வுட்சக் வளைக்குள் ஊர்ந்து சென்று பல நாள் துன்புற்று மடியும். பயிரைக் காக்கும் உரிமை கமக்காரனுக்கு உண்டு. வதைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இனி, அருச்சுனனின் மற்றப் பாதிப் பாடம். 12 மடங்குக் கண்ணாடியில் 100 யாரில் தெரியும் வெளி சுமார் 10 அடி அகலமே. தூரதிருஷ்டி நம்மெல்லோரையும் அருச்சுனர் ஆக்கிவிடுகிறது: பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் .22 சன்னம் ஒரு மைலுக்கும் அப்பால் செல்லவல்லது. கடினமான தரையிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கவும் வல்லது. இலக்கின் பின்னே வேலியா, பாதையா, கீரை பறிக்கும் பெண்ணா என்பதைக் கண்ணாடி காட்டாது. துவக்குக் கண்ணாடியால் அசைவதையெல்லாம் ஆராய்பவன் தன் குழலையும் அத்தனைபேர் மீதும் நீட்டுகிறான். தேடுவதற்குப் பைனொக்குலர், சுடுவதற்கே துவக்குக் கண்ணாடி. பின்னே மண்மேடு இல்லையேல் விசையைத் தொடாதே.

நம் நாட்டிலும் பன்றிக்காகப் பரணிலே விழித்திருக்கும் கமக்காரர் உளர். அனுமதிப் பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் இங்கே குற்றம். அவர்கள் கையிலுள்ளது பெரும்பாலும் வேறுவகைத் துவக்கு. ஆயினும் இந்தப் பாடம் எல்லாத் துவக்குக்கும் ஒன்றே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பர் பெரியோர். விலையுயர்ந்த வில்லையை வாங்கலாம். பறவையைக் கண்டபின் மரத்தையும் கிளையையும் அதற்கப்பாலுள்ள பாதையையும் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தைப் பயின்றே பெற வேண்டும்.