செயலியினுட் கொள்வனவு

கடையிற் பொருள் வாங்குவோன் காசைக் கொடுத்துப் பொருளைக் கையிற் பெறுகின்றான். கொடுத்தலும் பெறுதலும் இருவர் கண்முன்னே நிகழ்தலின் ஐயத்துக்கு இடமில்லை. கைத்தொலைபேசிச் செயலியினுள் நிகழுங் கொள்வனவோ அத்தகையதன்று. ஈண்டுக் காசைப் பெறுவது அப்பிள், கூகிள் ஆகியோரது கடை. பொருளை வழங்குவது செயலி. இரண்டற்குமிடையே இணைப்பு அறுதல் கூடும்; மின்கலம் ஒழிதலுங் கூடும். பணம் சென்றுவிடப் பொருள் வாராதொழியின் அப்பிழை யாரைச் சாரும்? செயலி இயற்றுவோன் முதற்கண் ஆராயவேண்டியது இதுவேயாம்.

அப்பிள் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டிலும் கூகிள் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டிலும் இம்முறையைத் தொடங்கினர். கொள்வனவு நிறைவேறியது எனச் செயலி திருப்பி அறிவிக்கும்வரை இருவர் கடையும் அதனை முடிந்ததாகக் கொள்வதில்லை. முடியாத கொள்வனவை அப்பிளின் கடை, செயலி திறக்கப்படுந்தோறும் நினைவூட்டும். கூகிளின் கடையோ மூன்று நாளுள் ஏற்பறிவிப்பு வாராவிடின் பணத்தை வாங்கியவர்க்கே மீட்டளித்துவிடும். ஆதலின் முதலிற் பற்றுச்சீட்டைச் சோதித்து, பின் பொருளை வழங்கிப் பதிந்துகொண்டு, அதன் பின்னரே முடிந்ததெனக் கூறல் வேண்டும். முடிவை முன்னே கூறிவிட்டுப் பொருளைப் பின்னே வழங்கப் புகுவாரும் உளர். இடையிற் செயலி நின்றுவிடின், விளையாட்டு நாணயம் போன்று செலவாகும் பொருளைக் கடை மீண்டும் நினைவூட்டாது. மறுதலையாக, ஒரே கொள்வனவு இருமுறை அறிவிக்கப்படலும் உண்டு. ஒவ்வொன்றற்கும் உரிய இலக்கத்தைப் பதிந்துவைத்தால் இருகால் வழங்கும் இழப்பு நேராது.

பற்றுச்சீட்டை எங்கே சோதிப்பது? தொலைபேசி வாங்குபவர் கையில் உள்ளது. அதன் சொல்லை மட்டும் நம்புதல், மாணவனையே தன் விடைத்தாளைத் திருத்தவிடுதல் போலும். 2012இல் அப்பிளின் கடையைப்போல் நடித்த பொய்க் கணினியொன்று, பணமின்றியே பல செயலிகளிற் கொள்வனவு நடந்ததாகக் காட்டியது. இயற்றியோர் தமது சொந்த வழங்கியிற் சோதித்தலே தக்க காப்பென அந்நிறுவனத்தார் அப்போது அறிவுறுத்தினர்.

நிலையாக வாங்கிய பொருளைத் தொலைபேசி மாறினும் மீட்டுத்தருதல் செயலியின் கடன். சிறுவர் கொள்வனவிலோ கூடுதற் கவனம் வேண்டும். பெற்றோர் இசைவின்றிச் சிறுவர் செய்த கொள்வனவுகளுக்காகக் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரை மீட்டளிக்க அப்பிள் நிறுவனம் 2014இல் அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழுவுக்கு உடன்பட்டது. பெற்றோர் இசைவை எதிர்பார்த்து நிற்குங் கொள்வனவு தோல்வியுமன்று, வெற்றியுமன்று. அதனைத் தோல்வியென அறிவிக்குஞ் செயலியிற் குழந்தை மீண்டும் மீண்டும் அழுத்தும். வெற்றியெனக் கொள்ளுஞ் செயலி பொருளை இலவசமாகவே வழங்கிவிடும்.