இன்ஷியூரன்ஸ் திட்டங்களும் நட்சத்திர மதிப்பும்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை தாலுகாக்களில், ஒரு மகன் ஏர் பிடிக்க, மற்றொருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. தொழிற்சாலையிலிருப்பவனுக்கு அங்குள்ள கூட்டுப் பாலிசி உதவக்கூடும். நிலத்தில் உழைக்கும் பெற்றோருக்கு அது கிட்டாமற் போகலாம். பெருவியாதி ஒன்று நேரின், நஞ்சை அடமானத்திற்குப் போய்விடுகிறது. ஆதலால் வைத்திய இன்ஷியூரன்ஸ் எடுக்க முற்படுவோர், திட்டங்களை ஒப்பிடுங்கால் சிலவற்றிற்கு நட்சத்திரம் குறைந்திருக்கக் கண்டு மயங்குகின்றனர். அதன் பொருளை ஈண்டு விளக்குவோம்.

அமெரிக்காவில், முதியோருக்கான மெடிகேர் ஏற்பாட்டில், தனியார் திட்டங்களுக்கு அந்நாட்டுச் சர்க்காரே ஆண்டுதோறும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் அளிக்கிறது. புதிய திட்டத்திற்குப் போதிய கணக்கு இன்மையால் நட்சத்திரமே இராது, அஃது இழிவன்று. நம் நாட்டில் அத்தகைய சர்க்கார் நட்சத்திரம் இல்லை. இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் தன் ஆண்டறிக்கையில் கணக்குகளை மட்டுமே வெளியிடுகிறது. ஆகவே நட்சத்திரத்தைக் கண்டவுடன், அதை இட்டவர் யார், எக்கணக்கைக் கொண்டு இட்டார் என்று வினவ வேண்டும்.

அக்கணக்குகளுள் முக்கியமானவை இரண்டு. முதலாவது, வந்த கோரிக்கைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன என்பது. இது எண்ணிக்கையே, சிறு தொகைகளைக் கொடுத்துப் பெருந்தொகையை மறுத்த கம்பெனியும் இதில் உயர்ந்து தோன்றலாம். இரண்டாவது, பெற்ற பிரிமியத்தில் நூற்றுக்கு எவ்வளவு கோரிக்கைகளுக்குச் செலவாயிற்று என்பது. 2023-24ஆம் ஆண்டில் இது பொதுத்துறைக் கம்பெனிகளுக்குச் சுமார் 103 ஆகவும், வைத்திய இன்ஷியூரன்ஸ் மட்டுமே நடத்தும் கம்பெனிகளுக்குச் சுமார் 65 ஆகவும் இருந்தது. எனினும், முன்னவற்றில் கூட்டுப் பாலிசிகள் மிகுதி; பின்னவற்றில் தனிநபர் பாலிசிகள் மிகுதி. புதிய பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்மையால் தொடக்கத்தில் கோரிக்கையும் குறையும். இறவை நிலத்து விளைச்சலையும் மானாவாரி விளைச்சலையும் ஒரே மரக்காலால் அளந்து, உழவனைக் குறை கூறுதல் தகுமா? எனினும் ஒரே வகைக் கம்பெனிகளுள் ஒன்று பல ஆண்டுகள் தொடர்ந்து தாழ்ந்திருப்பின், அதைத் தவிர்த்தலே விவேகம்.

பாலிசி எடுப்போர் கவனிக்க வேண்டியவை:

1. தகவல் குறிப்பைத் தமிழில் கேட்டுப் பெற்று, அறை வாடகை வரம்பையும் விலக்குகளையும் வாசிக்க.

2. முன்பே உள்ள நோயை மறையாது எழுதுக. அதற்குரிய காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என்பது 2024ஆம் ஆண்டின் விதி.

3. ரொக்கமின்றிச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி தம் ஊருக்கு அண்மையில் உளதா என்று விசாரிக்க.

4. பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள், திருப்தியின்றேல் திருப்பிவிடலாம்.

5. கோரிக்கை மறுக்கப்படின் முதலில் கம்பெனிக்கு எழுதுக. ஒரு மாதத்தில் தக்க பதில் வாராவிடில், சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

பயிர் இன்ஷியூரன்ஸில் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது குடியானவர் அல்லர், மாகாண சர்க்காரே. அங்கு நட்சத்திரம் பாராது, கடைசித் தேதிக்குள் அடங்கல் பெற்றுப் பதிவு செய்தலே கடமை. கிராம நிர்வாக அதிகாரிகள் இவ்விஷயங்களைக் கிராம சபையில் எடுத்துரைப்பின், பல குடும்பங்களின் நிலம் அடமானத்தினின்றும் தப்பும்.