சேந்தமங்கலத்து யூதத் தெரு

நாவலர் பெருமானைச் சைவத்தின் காவலராகவே நாம் போற்றிவருகின்றோம். அப்பெருமான் இளமையில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழில் ஆக்கினார் என்பதையும் யாழ்ப்பாணத்தார் மறந்தாரல்லர். 1850ஆம் ஆண்டில் அச்சேறிய அந்நூலில் யூதருடைய வேதமும் அடங்கும். ஆகவே எபிரேய ஞானியரின் வாக்குகளுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் யாதெனத் தேர்ந்தவர்களுள் நல்லூர்ச் சைவர் ஒருவரும் இருந்தார் என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம். அவ்வேதத்தில், சாலமோன் மன்னனின் கப்பல்கள் பொன்னும் யானைத்தந்தமும் குரங்கும் மயிலும் ஏற்றிவந்த செய்தி உண்டு. அங்கே மயிலைக் குறிக்கும் 'துகி' என்னும் சொல் எமது 'தோகை'யே என்று கால்டுவெல் முதலிய அறிஞர் எழுதினர். இதனை வகுப்பில் நாம் சொல்லும்போதெல்லாம் மாணவருள் ஒருவராவது, "ஐயா, எங்கள் ஊரில் யூதர் இருந்தார்களா?" என்று கேட்பதுண்டு.

யாழ்ப்பாணத்தில் யூதர் தெரு என்று ஒன்றில்லை. 1905 முதல் 1907 வரை எமது கச்சேரியில் உத்தியோகம் பார்த்த லெனார்ட் வுல்ஃப் என்பவர் யூத குடும்பத்திற் பிறந்தவர். மாணவருக்குச் சொல்ல எம்மிடம் இருந்தது அவ்வளவே. கடலுக்கு அப்பால் மலையாள நாட்டிலோ, யூதர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிற்றூர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் கண்டு வரவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக எம்மிடம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையொன்றில் பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்கும், அங்கிருந்து புகைவண்டியில் எர்ணாகுளத்துக்கும் போய், பறவூர் வழியாகச் சேந்தமங்கலத்தை அடைந்தோம். (தமிழ்நாட்டிலும் இப்பெயருடைய ஊர்கள் உள. வாசகர்கள் மயங்கவேண்டா.)

ஆறுகளும் கழிகளும் சூழ்ந்த ஊர் அது. தென்னையும் வாழையும் நிறைந்த வளவுகளுக்கிடையே ஒழுங்கைகள் வளைந்து செல்கின்றன. கோட்டையில் கோவிலகம் என்னும் குன்றும் அதன் அடிவாரமுமாகக் கோயில், கிறித்தவ தேவாலயம், பள்ளிவாசல், யூதர் செபாலயம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஒருகாலத்தில் கோயிற் சங்கும், தேவாலய மணியும், பள்ளிவாசற் பாங்கும், யூதரின் கொம்பொலியும் ஒரே காற்றிற் கலந்து கேட்டன என்று அவ்வூரார் பெருமிதத்தோடு சொல்லுகின்றனர். இவற்றுள் கொம்பொலி இன்று இல்லை.

மலையாள நாட்டிற்கு யூதர் எப்பொழுது வந்தனர் என்பதற்கு அவர்களிடம் வழங்கும் கதைகள் பல. சாலமோனின் கப்பலில் வந்தோம் என்பாரும் உளர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தபின் வந்தோம் என்பாரும் உளர். கதை எவ்வாறாயினும், சங்கப் புலவர் பாடிய முசிறித் துறையைச் சூழ்ந்த நாடே அவர்களின் முதல் இருப்பிடம். கொல்லத்தில் 849ஆம் ஆண்டளவில் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் இட்ட கையொப்பங்கள் காணப்படுகின்றன. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு கொச்சியில் பேணப்பட்டுவந்தது. வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட அதன் மொழி, தமிழ் கற்றார்க்குப் பெரும்பாலும் விளங்கும் மொழியே. பெயரைக்கூட 'இரப்பான்' என்று நம்மவர் நாவுக்கு இசையவே எழுதியிருக்கின்றனர்.

அச்செப்பேடு தரும் உரிமைகள் எழுபத்திரண்டு. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்பன அவற்றுட் சில. சுங்கமும் வேறு சில இறைகளும் இறுக்கவேண்டியதில்லை. நிலபாவாடை விரிக்கவும் மேளம் முழக்கவும் யாருக்கு உரிமை என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய எமது ஊரார்க்கு இவ்வுரிமைகளின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை! வேற்று நாட்டிலிருந்து வந்த வணிகனுக்கு, நிலமும் வரிவிலக்கும் கொடுத்ததோடு அமையாது, ஊர்ப் பெருமக்களுக்குரிய மரியாதைகளையும் மன்னன் கொடுத்தான் என்பதே இங்கே கருதத்தக்கது.

பின்னர் முசிறித்துறை மணல் தூர்ந்தது. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளமே அதற்குக் காரணம் என்பர். 1524இல் நிகழ்ந்த தாக்குதலாலும் அதன்பின் பறங்கியர் செய்த கொடுமைகளாலும் கொடுங்கல்லூர் யூதர் நிலைகுலைந்து, கொச்சி, பறவூர், மாள, சேந்தமங்கலம் முதலிய ஊர்களில் நிலைத்தனர். எமது நல்லூர்க் கோயிலை இடித்த பறங்கியரே மட்டாஞ்சேரியிலிருந்த யூதர் செபாலயத்தை 1662இல் கொளுத்தினர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் 1663இல் கொச்சியையும் பிடித்தான். அதன்மேல் யூதர்க்கு நற்காலம் பிறந்தது. இங்கே சைவரைக் கோயிலின்றி வாடவிட்ட ஒல்லாந்தர் அங்கே யூதரை அரவணைத்தனர். சரித்திரத்தின் போக்கு இப்படியும் இருக்கின்றது.

சேந்தமங்கலத்தில் யூதர்க்கு ஆதரவு தந்தவர் பாலியத்தச்சன்மார். கொச்சி அரசரின் பரம்பரை அமைச்சராயிருந்த அக்குடும்பத்தார் செபாலயத்துக்கு நிலம் கொடுத்தனர். 1614இல் எழுந்தது எனப்படும் அக்கட்டடம் தீயால் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக, வெளியிலிருந்து பார்க்குங்கால் எமது பழைய நாற்சார் வீடொன்றின் முகப்பையே அது நினைவூட்டுகின்றது. பாதரட்சையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மலையாள யூதரின் வழக்கம். நாமும் அவ்வாறே சென்றோம். மேலே மரவிதானத்தில் தாமரைகள் மலர்ந்திருக்கின்றன. கூடத்தின் நடுவில் வேதம் ஓதும் மேடை. மாடத்தில் மற்றொரு மேடை. இரண்டாவது மேடை மலையாள நாட்டுச் செபாலயங்களின் தனிச்சிறப்பு. அதன் பின்புறத்தில், மரச்சட்டத் தடுப்புக்கு அப்பால், பெண்டிர் அமர்ந்து வழிபட்டனர்.

அப்பெண்டிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். அவர்கள் மலையாளத்திற் பாடல்களைக் கட்டி, கையெழுத்துப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு என்று காத்துவந்தனர். கலியாண வீட்டில் ஆடவர் முன்னிலையிலும் தயங்காது பாடினர். அப்பாடல்களுட் பல 2005இல் 'கார்குழலி' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. மணப்பெண்ணுக்குத் தாலி பூட்டும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. பஸ்கா பெருநாளுக்கு முன் வீட்டை வெள்ளையடித்து, மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, பாத்திரங்களைத் துலக்கி அவர்கள் படும் பாட்டைப் படித்தபோது, தைப்பொங்கலுக்கு முன் எமது இல்லத்தரசியார் படும் பாடும், எம்மைப் படுத்தும் பாடும் ஞாபகத்துக்கு வந்தன.

வாயிலின் முன் ஒரு கல் நிற்கின்றது. இசுரயேல் என்பாரின் மகள் சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக்கல் அது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக்கற்களுள் மிகப் பழையது இதுவே என்பர். கொடுங்கல்லூரிலிருந்து குடிபெயர்ந்தோர் இக்கல்லையும் தம்முடன் எடுத்து வந்தனர் போலும் என்று சிலர் கருதுகின்றனர். கட்டிய வீட்டையும் நட்ட தென்னையையும் விட்டுவரும்போது ஒரு பெண்ணின் கல்லைச் சுமந்துவந்தார்களாயின், அவர்கள் மனம் எத்தகையது!

இத்துணை அழகிய ஒற்றுமைச் சித்திரத்தில் நிழல் இல்லை என்று எழுதினால் நாம் பொய்யராவோம். பல சமயத்தார்க்கும் இடந்தந்த பாலியத்து மாளிகைக்கு முன்னுள்ள வீதியில், தாழ்ந்த சாதியார் எனப்பட்டோர் நடத்தல் கூடாது என்ற தடை 1947வரை நீடித்தது. அதனை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய சத்தியாக்கிரகம் 1948 மார்ச்சுவரை நடைபெற்றது. பொலிசாரின் அடியால் ஏ. ஜி. வேலாயுதன் என்பார் உயிர்நீத்தார். 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நிகழ்ந்தவற்றை அறிந்த யாழ்ப்பாணத்தார் இதனைப் படித்து வியப்படையார். யூதரும் இந்நோய்க்குத் தப்பினாரல்லர். மட்டாஞ்சேரியில் 'வெள்ளை யூதர்' தம் செபாலயத்தில், விடுதலைபெற்ற அடிமைகளின் வழிவந்தோரைச் சமமாக அமரவிடவில்லை. அக்குலத்திற் பிறந்து பட்டம் பெற்று வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882–1967), காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி அங்கே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்றே அவரை அழைத்தனர். எபிரேய வேதத்தைப் படித்தவரும் சாதியைக் கைவிடவில்லை. நாமோ திருமூலரைப் படித்துவிட்டுக் கைவிடவில்லை.

1948இல் இசுரேல் நாடு உதித்தது. மலையாள யூதர்க்கு அங்கே செல்லும் ஆவல் எழுந்தது. அவர்களை யாரும் துரத்தவில்லை. அயலார் போகவேண்டாம் என்றே தடுத்தனர். ஆயினும் நாள்தோறும் தொழுகையிற் சொல்லிவந்த எருசலேம் அழைக்கின்றதே! வீட்டையும் கடையையும் விற்றுவிட்டுக் காத்திருந்தோர்க்கு ஒரு தடை குறுக்கிட்டது. கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் மிகுதி. அந்நோய் தம் நாட்டில் பரவிவிடும் என்று இசுரேலிய சுகாதார அதிகாரிகள் அஞ்சியமையால் பயணம் தாமதப்பட்டது. அச்சம் நீங்கிய பின், 1950களின் நடுப்பகுதியில், சேந்தமங்கலத்து யூதத் தெரு ஏறத்தாழ முழுவதும் காலியாயிற்று.

போனவர்களுக்குக் கிடைத்தது பாலும் தேனும் ஓடும் நாடன்று. நெகேவ் பாலைநிலத்திலும் எருசலேம் மலைச்சாரலிலும் புதிய விவசாயக் கிராமங்களில் அவர்களைக் குடியேற்றினர். வியாபாரம் செய்தவர் மண்வெட்டி பிடித்தனர். சேந்தமங்கலத்திற் பிறந்த எலியாகு பெசலேல் என்பார், அப்பாலைநிலத்தில் ரோசாச்செடி வளர்த்து ஐரோப்பாவுக்குப் பூ ஏற்றுமதி செய்து புகழ்பெற்றார். வெளிநாடு வாழ் இந்தியர்க்கு இந்திய அரசு அளிக்கும் விருதும் அவரைத் தேடிவந்தது. நெகேவிலுள்ள நெவாதீம் கிராமத்தில் கொச்சி யூதரின் நினைவுச்சாலை ஒன்றையும் அமைத்திருக்கின்றனர்.

அவர்கள் விட்டுச்சென்றவை யாவை ஆயின? ஊருக்கு ஊர் விடை வேறுபடுகின்றது. மாள ஊரார் 1955இல் புறப்படுமுன், செபாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பேணிக்காக்குமாறு உறுதியெழுதிப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தனர். காலப்போக்கில் அக்கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதி விளையாட்டரங்கமாயிற்று. அதனை எதிர்த்து வாதாடியோரும் அவ்வூர் மக்களே. (மாளவை அடுத்த அம்பழக்காட்டில்தான் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679இல் அச்சாயிற்று. தமிழாசிரியர் எவரும் அவ்வழியே போகும்போது ஒரு கும்பிடு போடலாம்.) சேந்தமங்கலத்துச் செபாலயமோ நெடுங்காலம் பூட்டிக்கிடந்து பாழடைந்தது. பின்பு கேரளத் தொல்பொருட்டுறை அதனைச் செப்பனிட, 2006இல் அது அவ்வூர் யூதரின் வரலாற்றைக் கூறும் காட்சிச்சாலையாகத் திறக்கப்பெற்றது. இன்று பேரப்பிள்ளைகள் இசுரேலிலிருந்து வந்து, பாட்டியின் வீடு எதுவென்று அயலாரிடம் கேட்கின்றனராம்.

அங்கே சீட்டுக் கொடுத்த முதியவர், எமது தமிழைக் கேட்டு, "எவ்வூர்?" என்றார். யாழ்ப்பாணம் என்றோம். "அங்கும் யூதர் இருந்தனரோ?" என்றார். இல்லை என்று சொல்லவந்த எமக்குச் சோனகத் தெரு நினைவுக்கு வந்தது.

1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். அப்பொழுது எமக்குப் பத்து வயது. தீபாவளிச் சட்டையை எமது தந்தையார் சோனகத் தெருத் தையற்காரர் ஒருவரிடமே தைக்கக் கொடுப்பது வழக்கம். அவ்வாண்டுச் சட்டை தீபாவளிக்கு முடியவில்லை. "அடுத்த கிழமை தாறேன், தம்பி" என்று அவர் எமது கன்னத்தைத் தட்டிச் சொல்லியிருந்தார். அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கையிற் கிடைத்ததோடு நடந்தனர். எம் அயலாருட் சிலர் படலையில் நின்று அழுதனர்; பலர் படலையைச் சாத்திக்கொண்டனர். எமது வீட்டார் எவ்வகையினர் என்று தந்தையாரிடம் நாம் ஒருநாளும் கேட்கவில்லை. சில கிழமைக்குப் பின் அக்கடையைக் கடந்து போனோம். கதவு இல்லை. உள்ளே தையல் இயந்திரமும் இல்லை.

போர் ஓய்ந்தபின், 2009க்குப் பிறகு, சோனகத் தெருவுக்குச் சிலர் திரும்பி வந்துள்ளனர். கூரையற்ற சுவர்களுக்கிடையே வீடுகள் மீண்டும் எழுகின்றன. அத்தையற்காரர் வந்தாரா என்று விசாரித்தோம். புத்தளத்திலேயே காலமாகிவிட்டார் என்றனர்.

இவ்வளவையும் அம்முதியவரிடம் சொல்ல எமக்கு மலையாளம் போதவில்லை. "யூதர் இல்லை, வேறு அயலார் இருந்தனர்" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, மாலையாகிவிட்டது என்று சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார். பெரிய கதவைப் பூட்டி, திறவுகோலை மடியிற் செருகிக்கொண்டு, எம்முடன் ஒழுங்கைவரை நடந்துவந்தார்.