மின்சாரத்துக்கும் முறை வைக்கலாம்

வாய்க்காலில் எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. மின்கம்பிக்கும் இது பொருந்தும். ஒரு மின்மாற்றியைச் சேர்ந்த பம்பு செட்டுகள் அனைத்தும் சேர்ந்து ஓடினால், கடைசிக் கிணற்றில் மின்னழுத்தம் குறைகிறது. மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, காயில் கருகிவிடுகிறது. அந்தச் செலவு விவசாயியின் தலையில் விழுகிறது.

செலவு எதனால் ஏறுகிறது?

மின்மாற்றியின் அளவும் கம்பியின் கனமும் உச்ச நேரத் தேவையைப் பொறுத்தவை. மாதம் முழுவதும் ஓடிய யூனிட்டுகளைப் பொறுத்தவை அல்ல. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்குச் சுமார் 6 கே.வி.ஏ. தேவைப்படும். 20 மோட்டார்கள் ஒன்றாக ஓடினால் 120 கே.வி.ஏ. ஆகிறது. 100 கே.வி.ஏ. மின்மாற்றிக்கு இது அதிகச் சுமை. பத்துப் பத்தாக முறை வைத்தால் 60 கே.வி.ஏ. போதும். பெரிய மின்மாற்றி வைக்கும் செலவு மிச்சம்.

மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். எனவே 20 மோட்டார்களும் சேர்ந்து 4 மணி நேரம் ஓடுவதைவிட, இரு பிரிவாகத் தலா 4 மணி நேரம் ஓடினால், பொதுக் கம்பியில் விரயம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

நியாயமான கட்டணம் எது?

உச்ச நேரத்தில் சுமை ஏற்றுவோர் கூடுதலாகவும், சுமையைத் தள்ளி வைப்போர் குறைவாகவும் செலுத்துவதே நியாயம். 2023-ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் மிகுந்த பகல் நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்க வகை செய்தன. விவசாய இணைப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். கட்டணமே இல்லாத இடத்தில் ஊக்கத்தொகை கைகொடுக்கும். பஞ்சாபில் 2018-ல் தொடங்கிய திட்டத்தில், தாமாக முன்வந்து சேர்ந்த விவசாயிகளுக்கு, ஒதுக்கீட்டில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.4 வழங்கப்பட்டது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஒரே மின்மாற்றியைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை இரு முறையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

2. தானியங்கி ஸ்டார்ட்டரைத் தவிர்க்க வேண்டும். மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்புவதற்கு அதுவே காரணம்.

3. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் பொருத்தினால் மின்னோட்டம் குறையும்.

4. முறை வைத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறையும் என்பது உண்மையே. தொட்டி உள்ளவர்கள் தம் முறையில் நிரப்பி வைத்து, பின்னர் பாய்ச்சலாம். சொட்டுநீர் அமைத்தால் குறைந்த நீரே போதும்.

முதல் முறையைக் கடைசிக் கிணற்றுக்காரருக்குக் கொடுங்கள். இதுவரை அதிகம் நட்டப்பட்டவர் அவரே.