மனசுக்கும் ஒரு நர்சம்மா

நம் காலனியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற யாரும் 'மனசு சரியில்லை' என்று சொல்லி ஓபி சீட்டு வாங்குவதில்லை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, கை கால் எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அடுத்த வாரமும் அதே வரிசையில் நிற்பார்கள். இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-ல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாமல் மருத்துவம் கிராமத்தைத் தேடி வரவேண்டும் என்பதே நோக்கம். மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு மாவட்டம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் நோயாளிக்குத் துணை யார்?

மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 'ஒண்ணும் கேக்கல' என்று ஒரே வாரத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மனச்சிதைவு நோயில் நேர் எதிர். குணமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள், சில மாதத்தில் நோய் திரும்பும். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. தேதி தவறினால், வீட்டைத் தேடிப் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். போனால்தான் தெரியும், ஊசி போடும் நாளும் நூறு நாள் வேலையும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது என்று. கூலியை விட்டுவிட்டு மகனைக் கூட்டிவர அம்மாவால் முடியவில்லை. பதிவேட்டில் இது 'மருந்து எடுக்கவில்லை' என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும்.

நோயாளியோடு குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. வேப்பிலை அடிக்கிறவரிடம் போகிறவர்களும் உண்டு. அனுபவமுள்ள செவிலியர் இதற்கெல்லாம் சண்டை போடமாட்டார்; சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க என்பார். சங்கிலி என்றால் மட்டும் விடக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது.

நம் தெருவுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குப் போன பையன் திடீரென்று இனிப் போகமாட்டேன் என்கிறான். ஊருக்குள் வண்டியில் போனதற்காக அடி வாங்கியவன் ஆறு மாதமாகத் தூங்கவில்லை. நோயின் பெயரை எழுதக் கட்டம் உண்டு, அடித்தது யார் என்று எழுதக் கட்டம் ஏது? 'என்னப்பா நடந்துச்சு?' என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கிற செவிலியர்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். அவர் ஊர்த்தெருக்காரர் என்றால் நம் பையன் வாய் திறப்பானா என்பது வேறு கேள்வி. நம் வீட்டுப் பெண் செவிலியராகி ஊர்த்தெருவுக்குப் போனால், திண்ணையோடு பேசி அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயணச் செலவும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது. அந்த மறுவாழ்வில் மனநலச் சிகிச்சையும் சேரவேண்டும் என்பது நம் கோரிக்கை.

சட்டத்தில் நமக்குப் பயன்படும் இடங்கள் இன்னும் உண்டு. 2017 சட்டத்தின் 18-ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சையில் சாதி பார்க்கக்கூடாது என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். 115-ஆவது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பூச்சிமருந்து குடித்ததை மறைத்து, வீட்டு வைத்தியம் பார்த்து, நேரத்தை விட்டுவிடும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லியாகவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மனநலச் செவிலியம் ஒரு பாடம். பயிற்சிக்குப் போவது பெரும்பாலும் வார்டுக்குத்தான். காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பயிற்சியும் வேண்டும் என்று அவர்களே கேட்கலாம்.

மனம் உடைந்த நேரத்தில் 104-க்கும் 14416-க்கும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் ஊசி தேதி தவறியவரின் வீட்டுக்குப் போன் நடந்து வராது. அடுத்த கிராம சபையில் நாம் கேட்கவேண்டியது இரண்டு: நம் சுகாதார நிலையத்துக்கு மனநல மருத்துவர் வரும் நாள் எது? அன்றைக்கு நூறு நாள் வேலையை மாற்றி வைக்க முடியுமா?